யாழோடு புறப்பட்ட இருவர்

திருச்சிற்றம்பலம்.



இன்று வைகாசி மூலம். சீகாழிப் பிள்ளையாராகிய திருஞானசம்பந்தர் நல்லூர்ப்பெருமணத்திலே, தம் திருமணக் கோலத்தோடு, சிவசோதியிற் கலந்த திருநாள். அன்று அவரோடு அச்சோதியிற் புகுந்தோர் பலர். அவருள் ஒருவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். அவரைச் சொல்லும்போதே அவருடைய துணைவியார் மதங்கசூளாமணியாரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவ்விருவரும் ஊரை விட்டுப் புறப்பட்ட நெடும் பயணத்தையே இன்று நாம் சிந்திக்கப் போகிறோம்.

இப்பொருளை நாம் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு இவ்விழாவிலே பேசி முடித்து இறங்கியபோது, ஓர் அன்பர் தம் மனைவியாரோடு எம்மிடம் வந்தார். 35 ஆண்டுகள் கணக்குப் பிரிவிலே பணியாற்றி அந்தச் சித்திரையில் ஓய்வு பெற்றவர். கையிலே ஒரு நீண்ட குறிப்பேடு. தேவாரப் பாடல் பெற்ற தலங்கள் 274-ஐயும், காவிரி வடகரை 63, தென்கரை 127, நடுநாடு 22, தொண்டைநாடு 32 என்று நாடு வாரியாகப் பிரித்துக் கட்டம் போட்டு எழுதியிருந்தார். "ஐயா, வேலையை விட்டாயிற்று. வீட்டைப் பூட்டிவிட்டு இருவரும் புறப்படுகிறோம்" என்றார். அம்மையார் ஒன்றும் பேசவில்லை. "அம்மா, உங்களுக்கும் மகிழ்ச்சிதானே?" என்று கேட்டோம். அவர் மெல்லச் சொன்னார்: "மகிழ்ச்சிதான் ஐயா. இவருக்கு ஓய்வு கொடுத்தது இவருடைய அலுவலகம். எனக்கு ஓய்வு கொடுக்கும் அலுவலகம் எது?"

அந்தக் கேள்வி எம்மை விடவில்லை. வேலையை விடுதல் என்றால் என்ன? இருவர் சேர்ந்து பயணம் போதல் என்றால் என்ன? இவற்றுக்கு விடை தேடியபோதுதான் எருக்கத்தம்புலியூர்ப் பாணர் நம் முன் வந்து நின்றார்.

எருக்கத்தம்புலியூர் நடுநாட்டுத் தலம். இன்று இராசேந்திரப்பட்டினம் என்று வழங்குவது. அங்கே பாணர் குலத்தில் அவதரித்தவர் அவர். பாணர்க்கு யாழே தொழில். சங்க காலத்திலே பாணன் தன் சுற்றத்தோடு வழி நடந்து வள்ளல்களைத் தேடிச் செல்வான். பாடுவான்; பரிசில் பெறுவான். பெரும்பாணாற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை என்று பத்துப்பாட்டிலே இரண்டு பாட்டுகளுக்குப் பெயரே பாணரால் வந்தது. வழி நடத்தல் அக்குலத்துக்குப் புதிது அன்று. அவ்வழியெல்லாம் வயிற்றுக்காக நடந்த வழி. நம் பாணரும் அதே யாழை எடுத்தார். அதே வழியில் நடந்தார். ஆனால் பரிசில் தேடி அன்று, பரமனைத் தேடி நடந்தார். தொழில் தொண்டாயிற்று. அவர் விட்டது தொழிலால் வரும் பயனை. யாழை விடவில்லை, துணைவியாரையும் விடவில்லை.

சோழநாட்டுத் தலங்களை வணங்கிக்கொண்டு மதுரைக்குச் சென்றார். திருவாலவாய்க் கோயில் வாயிலிலே நின்று யாழ் வாசித்தார். வாயிலிலே நின்றார் என்பதைக் கவனியுங்கள். உள்ளே புகும் உரிமை அவர் குலத்துக்கு இல்லாத காலம். இறைவன் பொறுப்பானா? அன்றிரவே தன் தொண்டர்களின் கனவிலே தோன்றி, பாணரை உள்ளே அழைத்து வருமாறு பணித்தான். அவர் உள்ளே சென்று தரையில் அமர்ந்து வாசித்தார். அப்போது வானிலே ஒரு வாக்கு எழுந்தது. தரையின் ஈரம் தாக்கினால் யாழின் நரம்பு தளரும். பாணனுக்குப் பொற்பலகை இடுக என்பது அதன் கருத்து. என்ன கருணை! யாழ் நரம்பு தளரும் என்று கவலைப்படுகின்ற கடவுளைப் பாருங்கள். மக்கள் குலத்தைப் பார்த்தார்கள். மகேசன் நரம்பைப் பார்த்தான். அதே மதுரைக் கோயிலிலே, தடுத்து நிறுத்தப்பட்டிருந்த மக்கள் 1939-ஆம் ஆண்டு உள்ளே சென்று வழிபட்டதை வரலாறு அறியும். இறைவன் சொன்ன ஒரு சொல்லைக் கேட்க நமக்கு எத்தனை நூற்றாண்டுகள் ஆயின!

பின்னர்த் திருவாரூர். அங்கும் பாணர் வாயிலின் முன்னே நின்று வாசித்தார். ஆரூர்ப் பெருமான் வடக்கே வேறு ஒரு வாயிலையே வகுத்து அவரை உள்ளே கொண்டான் என்று சேக்கிழார் பெருமான் கூறுகிறார். இவ்வாறு தலம் தலமாகச் சென்றவர், சீகாழியிலே ஞானப்பால் உண்ட பிள்ளையார் புகழைக் கேட்டு, துணைவியாரோடு அங்கே வந்து பணிந்தார். பிள்ளையார் அப்போது சின்னஞ்சிறு பாலகர். எனினும் பாணர் அவர் திருவடியில் வீழ்ந்தார். தாம் பாடும் பதிகங்களை யாழில் இட்டு வாசித்து உடன் வரும் பேற்றைப் பிள்ளையார் அவருக்கு அருளினார். அன்று தொடங்கிய வழித்துணை, நல்லூர்ப்பெருமணம் வரை நீங்கவில்லை.

அம்மையார் செய்தது என்ன? அறுபத்துமூவர் வரிசையிலே அவருக்குத் தனி இடம் இல்லை. ஆனால் இந்த வழிநடையில் அவர் சோறு சமைத்து மூட்டை சுமந்து பின்னே வந்தவராக நமக்குக் காட்டப்படவில்லை. கணவர் நரம்பை மீட்ட, உடன் இசை பாடிய விறலியார் அவர். யாழ் ஒருவருடையது, பாட்டு இருவருடையது.

சாத்தமங்கையிலே நடந்ததைப் பாருங்கள். அங்கே திருநீலநக்கர் என்னும் வேதியர் இல்லத்தில் பிள்ளையார் தங்கினார். இரவிலே, "பாணர்க்கு இன்று தங்க ஓர் இடம் கொடுங்கள்" என்றார். நீலநக்கர் எந்த இடத்தைக் கொடுத்தார்? புறத்திண்ணையையா? இல்லை. வீட்டின் நடுவே, வேள்வித் தீ வளர்க்கும் வேதிகையின் அருகே கொடுத்தார். அந்தத் தீ வலமாகச் சுழித்து, முன் எப்போதையினும் ஓங்கி ஒளிர்ந்தது. அந்த ஒளியிலே பாணர் தம் துணைவியாரோடு கண் வளர்ந்தார். இந்த நீலநக்கர் யார்? சிவலிங்கத் திருமேனியில் விழுந்த சிலந்தியை மனைவியார் அன்பினால் வாயால் ஊதித் துமிந்தார் என்பதற்காக, அவரையே துறந்தவர். ஊதிய இடம் ஒழிய மற்ற இடமெல்லாம் கொப்புளம் என்று இறைவன் கனவிலே காட்டிய பின்னரே அவரை மீண்டும் ஏற்றுக்கொண்டார். மனைவியாரின் அன்பு தம் ஆசாரத்தினும் பெரிது என்று கற்றுக்கொண்ட வீடு அது. அந்த வீட்டிலேதான் பாண இணையர்க்கு நடுமனையில் இடம் கிடைத்தது.

இனி, இப்பயணத்தின் உயிரான இடத்துக்கு வருவோம். காரைக்காலை அடுத்த திருத்தருமபுரம். பாணருடைய தாயார் பிறந்த ஊர். சுற்றத்தார் திரண்டு வந்தார்கள். பிள்ளையாரின் பதிகங்களை யாழில் வாசிக்கும் பேறு பெற்றேன் என்று பாணர் சொன்னார். அவர்களோ, "நீர் யாழில் வாசிப்பதனால் அல்லவா அந்தப் பதிகங்களின் புகழ் உலகில் பரவுகிறது?" என்றார்கள். உறவினர் வாயிலிருந்து வந்த இனிய சொல். ஆனால் பாணர் நடுங்கிப் போனார். பிள்ளையாரிடம் ஓடினார். யாழிலே அடங்காத ஒரு பதிகம் பாடி உலகோர்க்கு உண்மையை உணர்த்தியருள வேண்டும் என்று வேண்டினார். பிள்ளையார் பாடினார். அதுவே யாழ்மூரிப் பதிகம். முதல் திருமுறையில் 136-ஆவதாக நிற்பது. பாணர் வாசித்துப் பார்த்தார். இசை நரம்பிலே அடங்கவில்லை.

தோற்றவர் வருந்தினாரா? வருந்தவில்லை. சுற்றத்தார் மயங்கியதற்குக் காரணம் இந்தக் கருவிதானே என்று யாழை ஓங்கினார், உடைத்து எறிய! பிள்ளையார் தடுத்தார். ஐயரே என்று அவரை மதித்து அழைத்து, யாழைத் தம் கையில் வாங்கிக்கொண்டார். இறைவன் பெருமை இக்கருவியில் அடங்குமோ? வந்த அளவிலே வாசித்து வாரும் என்று அருளி, மீண்டும் அவர் கையிலேயே கொடுத்தார்.

அன்பர்களே! பாணர் எருக்கத்தம்புலியூரிலே ஊரை விட்டார். அது முதல் விடுதல். தருமபுரத்திலேதான் மெய்யான விடுதல் நிகழ்ந்தது. ஊரை விடுவது எளிது. நாற்காலியை விடுவதும் எளிது, ஆண்டு நிறைந்தால் அரசாங்கமே விடுவித்துவிடும். "என்னால் அல்லவா நடந்தது" என்னும் எண்ணத்தை விடுவது அரிது. அதை விட்டவர்க்குக் கருவியை உடைக்க வேண்டிய தேவை இல்லை. கற்ற தொழில் குற்றம் அன்று. வந்த அளவிலே வாசித்தால் அதுவே வழிபாடு.

இதனை நாம் அந்தக் கணக்கர் இணையருக்குச் சொல்லி அனுப்பினோம். அண்மையில் அவர்கள் வந்தார்கள். குறிப்பேட்டிலே பாதிக் கட்டங்கள் நிரம்பியிருந்தன. ஒரு தலத்தில் கூட்டம் மிகுந்திருந்ததாம். இவர் முன்னே போய், "நான் இன்ன அலுவலகத்திலே இன்ன பதவியில் இருந்தவன்" என்று தொடங்கியிருக்கிறார். அம்மையார் மேல்துண்டைப் பிடித்து இழுத்து, "தருமபுரத்தை மறந்துவிட்டீர்களா?" என்றாராம். இவர் தலை குனிந்து வரிசையின் கடைசியிலே போய் நின்றாராம். மற்றொரு சிற்றூரிலே கோயில் திருப்பணிக் கணக்கை எழுத ஆள் இல்லை என்று அறிந்து, நான்கு நாள் தங்கி அதனைச் சீராக்கிக் கொடுத்திருக்கிறார். அந்த நான்கு நாளும் அம்மையார் கோயிலில் அமர்ந்து, சிறு வயதில் கற்று, குடும்பத்தின் சுமையிலே மறந்துபோன தேவாரப் பதிகங்களை மீண்டும் ஓதிக்கொண்டிருந்தாராம். "சமையல் யார்?" என்று கேட்டோம். அன்பர் சிரித்தார். "சோறு வடிக்கக் கற்றுக்கொண்டேன் ஐயா, குழம்புதான் இன்னும் வசப்படவில்லை" என்றார். அம்மையாருக்கு ஓய்வு கொடுத்த அலுவலகம் எது என்பது நமக்குத் தெரிந்துவிட்டது!

யாழ்ப்பாணர் பயணம் நல்லூர்ப்பெருமணத்துச் சோதியிலே நிறைந்தது. ஆனால் அவர் இசை நிறைந்துவிடவில்லை. பின்னாளிலே நம்பியாண்டார் நம்பி திருமுறைகளைத் தொகுத்தபோது, பண் வகுக்க வழி தெரியாது நின்ற வேளையில், எருக்கத்தம்புலியூரில் அப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்மணியைக் கொண்டே பண்முறை வகுக்கப்பட்டது என்று திருமுறை கண்ட புராணம் கூறும். இருவர் பாடி நடந்த வழி, ஒரு பெண்ணின் குரலால் நமக்கு வந்து சேர்ந்தது.

ஆகவே, பணி நிறைந்து புறப்பட இருக்கும் பெரியோர்களே! இருவராகப் புறப்படுங்கள். முன்னும் பின்னுமாக அல்ல, பக்கம் பக்கமாக நடவுங்கள். கையில் உள்ள யாழைக் கொண்டு செல்லுங்கள். நெஞ்சில் உள்ள செருக்கை ஊரிலேயே விட்டுச் செல்லுங்கள். கால்களில் வலிமை உள்ளபோதே புறப்படுங்கள். வாயிலிலே நிற்க நேர்ந்தாலும் கலங்க வேண்டா. அன்பு உடையவர்க்கு ஆரூரன் வடக்கே ஒரு வாயில் வைத்திருக்கிறான்.

திருச்சிற்றம்பலம்.