கணக்குப் பாடத்தை யார் எடுக்கிறார்?



நூலக வாசகர் வட்டத்தார் ‘இன்றைய கல்வி’ பற்றிப் பேசச் சொன்னார்கள். அது பெரிய கடல். நான் ஒரே ஒரு செய்தியோடு வந்திருக்கிறேன். ஒரு பாடத்தைப் படித்து, அதில் பயிற்சியும் பெற்ற ஆசிரியரை, அவர் படிக்காத இன்னொரு பாடத்தை நடத்தச் சொல்கிறோமே, அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். விலங்கியல் படித்தவர் கணக்கு எடுக்கிறார். தமிழாசிரியர் சமூக அறிவியல் எடுக்கிறார். ஓவிய ஆசிரியரிடம் ஆங்கிலப் பாடவேளை போய்ச் சேருகிறது. அன்றாடம் நடப்பதாலேயே இது நம் கண்ணில் படுவதில்லை.

ஏதோ ஒரு தலைமையாசிரியரின் கவனக்குறைவு என்று இதை எண்ணிவிட வேண்டாம். சட்டத்திலேயே இதற்கு வாசல் திறந்திருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தோடு சேர்ந்த அட்டவணையைப் படித்துப் பாருங்கள். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர். அறிவியலுக்கும் கணிதத்துக்கும் சேர்த்துக் குறைந்தது ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிகளுக்கு ஒருவர். நம் பிள்ளைகள் படிப்பதோ தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று ஐந்து பாடம். மூன்று பேர், ஐந்து பாடம். தமிழும் ஆங்கிலமும் ஒருவர் கையில், கணக்கும் அறிவியலும் இன்னொருவர் கையில். குறைந்த அளவு இவ்வளவாவது இருக்கட்டும் என்று சட்டம் சொன்னதைச் சிறிய பள்ளிகளில் முழு அளவாகவே ஆக்கிவிட்டோம். ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளும் இந்த வழியில்தான் போகிறது. கணக்கு, அறிவியல் ஆசிரியராக வருபவருக்கு 150 மதிப்பெண்ணில் 60, கணிதமும் அறிவியலும் கலந்த ஒரே பகுதிக்கு.

உயர்நிலைப் பள்ளிக்கு வாருங்கள். பட்டதாரி ஆசிரியர்களைத் தேர்வு செய்யும்போது இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் என்று தனித்தனியாகத்தான் அரசு தேர்வு செய்கிறது. வகுப்பறைக்குள் கால் வைத்ததும் நான்கும் ஒருவர் பொறுப்பு. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகம் இயக்க விதிகளில் தொடங்குகிறது. ஒளியியல், அணுக்கரு இயற்பியல், கார்பன் சேர்மங்கள் என்று போய், அட்டையின் உடலமைப்பு, முயலின் உடலமைப்பு, மரபியல், நோய்கள் வழியாகக் கணினி வரை வந்து முடிகிறது. இத்தனையையும் கல்லூரியில் ஆழ்ந்து படித்த ஒரு மனிதரை எங்கே தேடுவது? சமூக அறிவியலிலும் இதே நிலைதான். தேர்வு செய்வது வரலாறு படித்தவரையும் புவியியல் படித்தவரையும். புத்தகத்தில் குடிமையியலும் பொருளியலும் சேர்ந்தே இருக்கின்றன.

தொடக்கப் பள்ளியை நான் இதில் சேர்க்கவில்லை. இடைநிலை ஆசிரியர் எல்லாப் பாடமும் எடுக்க வேண்டும் என்றே பயிற்சி பெற்றவர். அது தனிக் கலை, அதற்கு என் வணக்கம்.

இங்கே ஒரு கேள்வி எழும். ‘பட்டம் வாங்கியவர்தானே, ஏழாம் வகுப்புக் கணக்கு அவருக்குத் தெரியாதா?’ படித்த பெரியவர்களே கேட்கிறார்கள். தெரியும், ஐயா. கணக்கைப் போட அவருக்குத் தெரியும். ஆனால் ஒரு பிள்ளை அதைத் தப்பாகப் போடும்போது என்ன செய்வது?

அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொல்கிறோம். ஒரு பெண் ஐந்தில் இரண்டு என்று எழுதுகிறாள். மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே இரண்டும் மூன்றும் ஐந்து. தப்பு என்று சிவப்பு மையால் அடித்து, மீச்சிறு பொது மடங்கு எடுத்து, ஆறில் ஐந்து என்று கரும்பலகையில் எழுதிப் போட யாராலும் முடியும். அந்தப் பெண் அதைப் பார்த்து எழுதிக்கொள்வாள். அடுத்த வாரம் இதே தப்பைத் திரும்பச் செய்வாள். கணக்கிலேயே ஊறிய ஆசிரியர் அடிப்பதற்கு முன்னால் ஒன்று கேட்பார். ‘ஏம்மா, நீ எழுதிய ஐந்தில் இரண்டு, அரையை விடப் பெரியதா சிறியதா?’ அவள் யோசிப்பாள். சிறியது. ‘அரை இருந்தது, அதோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தோம். சேர்த்த பிறகு குறையுமா?’ அந்தக் கணத்தில் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் நீங்கள். தப்பு எங்கே என்று அவளே கண்டுகொள்கிறாள். பின்னம் என்பது மேலும் கீழும் இரண்டு தனித்தனி எண்களல்ல, ஒரே அளவு என்பது அவளுக்குள் இறங்குகிறது. இந்த ஒரு கேள்வி தலைமுறை தலைமுறையாகக் கணக்கு வாத்தியார்கள் சேர்த்து வைத்த சொத்து. எந்தக் கைடிலும் அது கிடைக்காது. அமெரிக்கக் கல்வியாளர் லீ ஷுல்மன் 1986-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்த அறிவைத் தனியே பிரித்துக் காட்டினார். பாடத்தை அறிவது ஓர் அறிவு, அந்தப் பாடத்தில் பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுவார்கள் என்று அறிவது இரண்டாவது அறிவு என்றார். பாடம் மாற்றிக் கொடுக்கும்போது ஆசிரியரிடமிருந்து நாம் பறிப்பது இந்த இரண்டாவதை.

இன்னொரு இழப்பு இதைவிடக் கொடியது. கேள்விகள் செத்துப் போகின்றன. ‘மைனஸும் மைனஸும் பெருக்கினால் ஏன் சார் பிளஸ் வருது?’ என்று ஒரு பையன் எழுந்து கேட்கிறான். என்ன அருமையான கேள்வி! தன் பாடமல்லாத பாடத்தை முதல் நாள் இரவு படித்துவிட்டு வந்த ஆசிரியருக்கு அந்தக் கேள்வி அச்சமாக இருக்கிறது. ‘அது விதிப்பா, எழுதிக்கோ’ என்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. நாற்பது பிள்ளைகள் முன்னால் தெரியவில்லை என்று சொல்லும் துணிவு, தெரிந்த பாடத்தில்தான் ஒருவருக்கு வரும். ஆனால் அந்தப் பையன் உட்கார்ந்துவிட்டான். இரண்டாம் முறை அவன் எழுந்திருக்க மாட்டான்.

பிள்ளைக்கு இதெல்லாம் தெரியுமா? தன் ஆசிரியர் கணக்குப் படித்தவரா, தாவரவியல் படித்தவரா என்று ஏழாம் வகுப்புப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? பாடம் புரியவில்லை என்றால் அவள் ஒரே முடிவுக்கு வருகிறாள். ‘எனக்குக் கணக்கு வராது.’ வீட்டிலும் அதையே சொல்கிறாள், வீட்டாரும் நம்பிவிடுகிறார்கள். பத்தாம் வகுப்பு முடிந்ததும் கணக்கு உள்ள முதல் குரூப் வேண்டாம் என்று தானே ஒதுங்கிக்கொள்கிறாள். ஒரு பணியிடத்தை நாம் நிரப்பாமல் விட்டதற்கு, ஒரு குழந்தை தன் மூளையின் மேல் பழி போட்டுக்கொள்கிறது. என்னால் தாங்க முடியாதது இதுதான்.

ஆசிரியருக்கும் இது சிறுமை. நான் முப்பதாண்டுக்கு மேல் கணக்கு எடுத்தவன். ஓய்வறையில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்களின் முகம் எனக்குத் தெரியும். தன் பாடத்தில் சிங்கமாக இருந்தவர், மாற்றிக் கொடுத்த பாடத்தில் குரல் தாழ்ந்து போவார். இரவெல்லாம் உட்கார்ந்து படித்து, அந்தப் பாடத்தையும் தன் பாடமாக்கிக்கொண்டவர்களும் உண்டு. அவர்களை இந்த மேடையிலிருந்து கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் தேர்வு முடிவு வந்ததும் தேர்ச்சி விழுக்காடு குறைந்தது ஏன் என்று மெமோ கொடுப்பவர்கள், இவர் எந்தப் பாடம் படித்தவர் என்று கேட்பதில்லை.

அப்படியானால் குறை எங்கே? அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் இங்கர்சால் என்ற சமூகவியலாளர் இதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர். அங்கே உயர்நிலைப் பள்ளிகளில் கணக்கு எடுப்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர், கணக்கையோ அதை ஒட்டிய பாடத்தையோ கல்லூரியில் முதன்மைப் பாடமாகவும் படிக்கவில்லை, துணைப் பாடமாகவும் படிக்கவில்லை என்று 1999-இல் எழுதினார். ஆசிரியர்கள் தகுதியற்றவர்கள் என்று அவர் முடிக்கவில்லை. தகுதியுள்ளவர்களைத் தகுதியில்லாத இடத்தில் நிறுத்துவது நிர்வாகம் என்றார்.

நம் ஊரில் அது எப்படி நடக்கிறது? ஆகஸ்ட் முதல் தேதியில் பதிவேட்டில் உள்ள பிள்ளைகளை எண்ணிப் பணியிட நிர்ணயம் செய்கிறோம். தலைகள் குறைந்தால் ஓர் ஆசிரியர் உபரி. பணி நிரவலில் வேறு ஊருக்குப் போகிறார். அவர் எடுத்த பாடம் பள்ளியிலேயே நிற்கிறது. தலைமையாசிரியர் என்ன செய்வார் பாவம்? கால அட்டவணையில் அந்தக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது. யாரோ ஒருவர் பெயரை எழுதுகிறார். அப்படி எழுதியவுடன் குறை மறைந்துவிடுகிறது. ஆசிரியரே இல்லாத வகுப்பு என்றால் ஊர் திரண்டு பள்ளி வாசலுக்கு வரும். வேறு பாட ஆசிரியர் நிற்கிற வகுப்புக்கு யார் வருவார்கள்? அனுமதித்த பணியிடங்களில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் காலியாக இருக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு சொல்கிறது. கட்டத்துக்குள் எந்தப் பெயர் இருக்கிறது என்று பார்க்க அந்தப் பிரிவுக்குக் கண்ணில்லை.

அயர்லாந்தில் இதைத் திறந்து பார்த்தார்கள். லிமரிக் பல்கலைக்கழகத்தின் 2009-ஆம் ஆண்டு ஆய்வு, உயர்நிலைப் பள்ளிகளில் கணக்கு எடுத்தவர்களில் 48 விழுக்காட்டினர் கணக்குக் கற்பிக்கும் தகுதி பெறாதவர்கள் என்று கண்டது. அந்த நாடு அவர்களை அவமதிக்கவில்லை. 2012-இல் அரசுச் செலவில் இரண்டாண்டுப் பகுதி நேரப் பட்டயப் படிப்பைத் தொடங்கியது. வேலையில் இருந்துகொண்டே நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள் கணக்கு ஆசிரியர்களாகவே வெளியே வந்தார்கள். நாமும் செய்யலாம். வேறு பாடம் கொடுத்தே ஆக வேண்டுமானால், அந்த ஆசிரியருக்குப் பாடவேளையைக் குறையுங்கள், சம்பளத்தோடு பயிற்சி கொடுங்கள். பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகள் ஒரு கணக்கு ஆசிரியரை வாரத்தில் நாள் பிரித்துப் பகிர்ந்துகொள்ளட்டும். காலியிடக் கணக்கைப் பாடவாரியாக, பள்ளிவாரியாக வெளியிடுங்கள்.

தாய்மார்களே, தந்தைமார்களே, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு நீங்கள்தான். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பதும் சட்டம். பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தை எழுதும் உரிமை உங்களுடையது. அடுத்த கூட்டத்தில் சுண்ணாம்பு அடிப்பதைப் பற்றியும் தண்ணீர்த் தொட்டியைப் பற்றியும் பேசி முடித்த பிறகு, ஆசிரியர் மேல் கோபமில்லாமல், மரியாதையோடு கேளுங்கள்: ‘எங்கள் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு பாடத்தையும் யார் எடுக்கிறார், அவர் எந்தப் பாடம் படித்தவர்?’ வரும் பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போடுங்கள். அதன் நகலை மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்புங்கள். வணக்கம்.