பீற் மரவிச்சின் மூன்று பருவங்கள்

கூடைப்பந்தாட்டத்திலே பந்தைத் தட்டிச்சென்று ஆட்டத்தை நடத்துபவரைக் 'கார்ட்' என்பர். அமெரிக்கக் கல்லூரி அரங்கில் அவ்விடத்து ஆடியவர்களுள் பீற் மரவிச்சின் கணக்கு வியப்புக்குரியது. லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்காக 1967 முதல் 1970 வரை 83 ஆட்டங்களில் அவர் ஈட்டிய புள்ளிகள் 3,667. ஆட்டமொன்றுக்குச் சராசரி 44.2.

முதலாண்டு மாணவர் பிரதான அணியில் ஆடலாகாதென்பது அன்றைய விதி. ஆகவே அவருக்குக் கிடைத்தவை மூன்றே பருவங்கள். தொலைவிலிருந்து எறிந்தாலும் இரண்டே புள்ளிகள். நேயர்கள் இதனைக் கவனித்தல் வேண்டும். 2024 மார்ச்சில் அக்கணக்கைக் கடந்த ஐயோவாப் பல்கலைக்கழகத்துக் கெயிற்லின் கிளார்க்குக்கு நான்கு பருவங்களும் மூன்று புள்ளி எறிகளும் வாய்த்திருந்தன.

பயிற்றுநர், தந்தையார் பிரெஸ் மரவிச். துரோணர் அசுவத்தாமனுக்குக் கற்பித்தாற்போல் மகனுக்குச் சிறுவயதிலேயே வித்தையைப் புகட்டியவர். மகனையே எறியவிடுகிறார் என்ற குறையும் எழுந்தது, எழாதிருந்தாலன்றோ அதிசயம்! இத்தனை புள்ளிகள் குவிந்தும், தேசியக் கல்லூரிச் சம்பியன் சுற்றுப்போட்டியில் ஆடும் வாய்ப்பு அவருடைய அணிக்கு ஒருமுறையேனும் கிட்டவில்லை.

1988 ஜனவரி 5ஆந் திகதி, நண்பர்களோடு ஆடிக்கொண்டிருந்தவர் சாய்ந்து உயிர்நீத்தார். வயது நாற்பது. இருதயத்துக்கு இரத்தமூட்டும் இடப்புற நாடி அவருக்குப் பிறவியிலேயே அமைந்திருக்கவில்லை என்பது பிரேத பரிசோதனையிலேதான் தெரியவந்தது.