குழிக்கணக்கும் ஐப்பசி மழையும்

நம் நெடுங்காட்டில் வீடு தேடுபவர் சுற்றிலும் விலை விசாரிப்பார். கொஞ்ச தூரத்தில் மயிலாடுதுறை மாவட்டம். அங்கே தமிழ்நாட்டு முத்திரைக் கட்டணம், நமக்குப் புதுச்சேரி அரசின் கட்டணம். கட்டணமே வேறு என்னும்போது, அந்த ஊர் விலையை அப்படியே இங்கே வைத்துப் பார்ப்பது சரியில்லை. நம் தெருவில் அண்மையில் பதிவான கிரயம் எவ்வளவு என்று கேளுங்கள்.

தரகர் சதுர அடிக்கு விலை சொல்வார், பெரியவர்கள் குழிக்குச் சொல்வார்கள். நம் பக்கத்தில் ஒரு குழி 144 சதுர அடி. பெருக்கிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

எனக்கு முக்கியம் மழைதான். காவிரியின் கடைமடை இது. சித்திரையில் காய்ந்து கிடக்கும் மனையை ஐப்பசி அடைமழையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்த வாய்க்காலில் வடிகிறது என்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்டால் சொல்லிவிடுவார். விற்பவரும் அதை மறைக்காமல் சொல்லிவிடலாமே!