கொடை என்று சொல்லாதீர்கள்

(டிசம்பர் 20 அன்று புதுவையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று டிசம்பர் 20. நாம் கூடியிருக்கும் இந்தக் கடற்கரைக்குத் தென்மேற்கே, இந்துமகா சமுத்திரத்தின் நடுவே, பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட ரெயூனியன் என்னும் சிறு தீவிலே, ஊர்தோறும் ஜனங்கள் இன்று வீதிக்கு வருவார்கள். மாட்டுத்தோல் போர்த்த ரூலேர் என்னும் பெருமுரசின்மீது கால்பரப்பி ஏறியமர்ந்து முழக்குவோர் முழக்க, கரும்பின் பூந்தண்டுகளை வரிசையாகக் கட்டி உள்ளே விதைகளை இட்டுச் செய்த கயாம்ப் என்னும் வாத்தியம் சலசலக்க, மலோயா என்னும் பாட்டும் ஆட்டமும் இரவெல்லாம் நடக்கும். எந்தக் கரும்பு அவர்களுடைய பாட்டன்மாரின் முதுகை முறித்ததோ, அந்தக் கரும்பின் தண்டே இன்று அவர்கள் கையில் இசையாகி ஒலிக்கிறது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க, மடகாஸ்கர் மக்களின் சந்ததியாரை அத்தீவில் காஃப் என்று அழைப்பார்கள். அவர்கள் விடுதலை பெற்ற நாள் இது; ஆகவே காஃப் திருநாள் என்று இந்நாளுக்குப் பெயர்.

அது காஃப் மக்களின் விழா, அதற்குத் தமிழர்களாகிய நாம் மேடை போடுவானேன் என்று சிலர் கேட்கிறார்கள். விடுதலை என்று சர்க்கார் மனமிரங்கிக் கொடுத்த கொடைக்கு நன்றி கூறும் நாள்தானே என்று வேறு சிலர் சொல்கிறார்கள். இந்த இரண்டு பேச்சுக்கும் விடை சொல்லவே நான் இம்மேடை ஏறினேன்.

கொடை என்றீர்களே, அந்தக் கொடையின் சரித்திரத்தைக் கேளுங்கள். பிரெஞ்சுப் புரட்சியின் வேகத்தில் பாரிஸ் மாநகரில் கூடிய கன்வென்ஷன் சபை, 1794-ஆம் ஆண்டிலேயே அடிமை முறையை ஒழித்து ஆணையிட்டது. அவ்வாணையை ஏந்திக்கொண்டு 1796-இல், அன்று பிரெஞ்சு வசமிருந்த மொரிஷியஸில் கரையிறங்கிய பிரதிநிதிகளை அங்கிருந்த குடியேற்றக்காரர்கள் மீண்டும் கப்பலேற்றித் துரத்தினார்கள். ரெயூனியனிலும் ஆணை அமலுக்கு வரவில்லை. 1802-இல் நெப்போலியன் அடிமை முறையைச் சட்டத்தாலேயே நிலைநிறுத்தினான். பின்னர் அடிமை ஒழிப்புக்குப் போராடிய விக்டர் ஷோல்ஷேரின் முயற்சியால் 1848 ஏப்ரல் 27-இல் பாரிஸில் புதிய ஆணை பிறந்து, சார்தா கர்ரிகா என்னும் குடியரசின் ஆணையர் அதனைக் கொண்டுவந்து, அவ்வாண்டு டிசம்பர் 20-இல் பிரகடனம் செய்தபோது, விடுதலை பெற்றவர்கள் 60,000-க்கும் மேற்பட்டவர்கள். அதாவது, தீவின் ஜனத்தொகையில் பாதிக்கும் மேல். வரவேண்டிய சுதந்திரத்தை அரை நூற்றாண்டுக்கு மேல் வாசலிலேயே மறித்து நிறுத்திவிட்டு, இறுதியில் கதவைத் திறந்ததற்குக் கொடை என்று பெயரிடுவது எந்த நியாயம்?

அந்த அரை நூற்றாண்டும், அதற்கு முந்திய நூற்றாண்டும், அடிமைப்பட்ட மக்கள் கைகட்டிக் காத்திருந்தார்கள் என்று எண்ணாதீர்கள். முதன்முறை தப்பியோடினால் காதை அறுப்பது, இரண்டாம் முறை ஓடினால் முழங்காலின் பின்நரம்பை அறுப்பது, மூன்றாம் முறை ஓடினால் உயிரை வாங்குவது என்று சட்டம் எழுதிவைத்திருந்த காலத்திலும், அவர்கள் ஓடினார்கள்; எரிமலை பிளந்த பள்ளத்தாக்குகளில் ஏறி ஒளிந்து, அங்கே குடிசை கட்டி, மனிதராய் வாழ்ந்தார்கள். அவர்களை வேட்டையாடிய கூலிப்படைகளுக்கு வெகுமதி கிடைத்தது. ஆனால் மலைகளுக்குக் கிடைத்த பெயர்கள் வேட்டைக்காரர்களுடையவை மட்டுமல்ல. மஃபாத், ஆன்ஷேன், சிமாந்தேஃப் என்று இன்றும் தேசப்படத்தில் நிற்பவை தப்பியோடிய அடிமைகளின் பெயர்கள்.

ஓடாமல் நின்று நியாயம் கேட்டவனும் உண்டு. ஃபுர்ஸி என்பது அவன் பெயர்; அவனைப் பெற்ற மதலேன் நம் இந்திய தேசத்துச் சந்திரநாகூரில் பிறந்தவள். என் தாய் சுதந்திரமானவள், ஆகவே நானும் சுதந்திரமானவன் என்று 1817-இல் அவன் வழக்குத் தொடுத்தான். அவனைச் சிறையிலடைத்தார்கள்; தீவைவிட்டு மொரிஷியஸுக்கு அனுப்பினார்கள்; அவன் ஓயவில்லை. 1843 டிசம்பர் 23-இல், அவன் பிறவியிலேயே சுதந்திரமானவன் என்று பாரிஸ் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு மனிதன் தான் மனிதன் என்று நிரூபிக்க 26 ஆண்டுகள்! இவனுடைய விடுதலை யார் கொடுத்த கொடை?

இனி 1848-க்குப் பின் நடந்ததைக் கேளுங்கள். மறு ஆண்டில் நஷ்டஈடு கொடுக்கச் சட்டம் செய்தார்கள்; அந்தப் பணம் போய்ச் சேர்ந்தது உழைத்தவனிடமல்ல, உடைமைக்காரனிடம். வனிலாக் கொடியின் பூவைக் கையாலேயே கருவுறச் செய்யும் வழியை 1841-இல் கண்டுபிடித்து உலகுக்குக் கொடுத்த எத்மோன் அல்பியுஸ் என்னும் பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன், பிறர் அவ்வழியால் செல்வம் குவித்திருக்க, 1880-இல் வறுமையிலேயே மாண்டான். பிரகடனத்துக்கு இரண்டு மாதம் முன்பே, விடுதலை பெறும் ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு முதலாளியிடம் வேலை ஒப்பந்தம் செய்துகொண்டாக வேண்டும் என்ற ஆணையும் வந்துவிட்டது. ஒரு கையால் விலங்கைக் கழற்றி, மறுகையால் கயிற்றை நீட்டினார்கள்.

அந்தக் கயிற்றையும் உதறிவிட்டுத் தோட்டத்தை விட்டு வெளியேறிச் சிறு நிலம் தேடிப் போனவர்கள் பலர். கூலியை உயர்த்தி அவர்களை அழைத்திருக்கலாம். முதலாளிகள் அதைச் செய்யாமல் கப்பலை அனுப்பினார்கள். அந்தக் கப்பல்கள் எங்கே வந்தன? இந்தப் புதுவைக்கும் காரைக்காலுக்கும் வந்தன! மேஸ்திரிகள் கிராமம் கிராமமாகச் சென்று, பஞ்சத்தில் வாடிய நம் ஜனங்களுக்கு ஆசை வார்த்தை சொல்லி, ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கைநாட்டு வாங்கிக் கப்பலேற்றினார்கள். அவர்களை நடத்திய விதத்தைக் கண்டு, 1882-இல் பிரிட்டிஷ் இந்திய அரசாங்கமே ஆள் அனுப்புவதை நிறுத்தியது. அவர்களுடைய சந்ததியாரைத்தான் இன்று மல்பார் என்று அத்தீவில் அழைக்கிறார்கள்.

இதன் பொருள் என்ன? காஃப் மகனுடைய சுதந்திரத்தின் விலையைக் குறைப்பதற்கு நம்முடைய பாட்டன்மாரின் பசியைக் கருவியாக்கினார்கள் என்பதே இதன் பொருள். குற்றம் நம் பாட்டன்மாருடையதல்ல. ஆனால் உண்மையை அறிந்த பின்னும், அது அவர்கள் விழா, நமக்கென்ன என்று விலகி நிற்போமானால், அந்தக் குற்றம் நம்முடையது. நம் முன்னோர் அங்கே போனதன் காரணம் இந்த நாளில் இருக்கிறது. நாம் இதில் விருந்தாளிகளாக அல்ல, பங்காளிகளாகவே வந்து நிற்கவேண்டும்.

இந்நாளின் நினைவையும் அதிகாரத்திலிருந்தோர் சும்மா விட்டுவைக்கவில்லை. டிசம்பர் மாதம் லிச்சிப் பழம் பழுக்கும் காலம். ஆகையால் இதை லிச்சித் திருநாள் என்று சொல்லி, பழத்தின் சிவப்பிலே ரத்தத்தின் சிவப்பை மறைத்தார்கள். மலோயா நெடுங்காலம் ஒடுக்கப்பட்டுக் கொல்லைப்புறத்தில் ஒலித்தது. மக்கள் விடவில்லை; 1983 முதல் இந்நாள் அங்கே அரசாங்க விடுமுறை; 2009-இல் மலோயாவை யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வமாக ஏற்றது.

ஆகவே நான் உங்களைக் கேட்டுக்கொள்வது இரண்டு. ஃபுர்ஸியின் பெயரையும் அல்பியுஸின் பெயரையும் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இல் நிறைவேறிய பின்னும், முன்பணம் என்ற கயிற்றால் கட்டுண்டு செங்கல் சூளையில் கிடக்கும் குடும்பம் ஒன்றை நீங்கள் காண்பீர்களானால், அதைக் கண்டும் காணாமல் போகாதீர்கள். அதிகாரிகளிடம் போய்ச் சொல்லுங்கள், அவர்கள் வரும்வரை அந்தச் சூளையின் வாசலை விட்டு நகராதீர்கள். அதன் பிறகு வந்து இந்த விழாவைக் கொண்டாடுங்கள்.