கையெழுத்துப் போடும் முன்

(செகந்திராபாத்தில் மாலை வகுப்புக்கு வரும் தமிழ் கற்போரிடையே எழுத்தறிவுத் தொண்டர் ஒருவர் பேசிய பேச்சு)



உங்களில் பலர் என்னைவிட வயதில் மூத்தவர்கள். குடும்பம் நடத்தியவர்கள். பிள்ளைகளை வளர்த்தவர்கள். வாழ்க்கையைப் பற்றி உங்களுக்குப் பாடம் சொல்ல நான் வரவில்லை. எனக்குத் தெரிந்தது படிப்பதும் கணக்குப் போடுவதும்தான். அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு இன்று ஒரு விஷயம் பேசுவோம்.

வேலைக்காகச் சவூதிக்கோ, துபாய்க்கோ, குவைத்துக்கோ போகலாமா? வேண்டாமா? அதை எப்படி முடிவு செய்வது? இதுதான் விஷயம்.

இது நம் ஊரில் புதிய பேச்சு அல்ல. ஐதராபாத் பழைய நகரத்தில் எத்தனையோ வீடுகளில் ஒருவராவது வளைகுடா நாட்டில் இருப்பார். கரீம்நகர், நிஜாமாபாத், ஜகித்யால் பக்கம் ஊர் ஊராகப் போயிருக்கிறார்கள். நம் தமிழ்க் குடும்பங்களிலும் போனவர்கள் உண்டு. போய் நன்றாக வந்தவர்களும் உண்டு. வீடு கட்டினார்கள். பெண்ணுக்குக் கல்யாணம் செய்தார்கள். போய்த் துன்பப்பட்டவர்களும் உண்டு. ஆகவே “போகாதே” என்றும் நான் சொல்லப்போவதில்லை. “போ” என்றும் சொல்லப்போவதில்லை.

நம் பெரியவர்களும் வந்தவர்கள்தான்

செகந்திராபாத் 1806ஆம் ஆண்டில் பட்டாள முகாமாகத் தோன்றிய ஊர். பட்டாள வேலைக்கும் ரயில்வே வேலைக்கும் தமிழ்நாட்டிலிருந்து பலர் வந்தார்கள். லாலாகுடாவிலும் மல்காஜ்கிரியிலும் இன்றும் தமிழ்க் குரல் கேட்கிறதே, அது அப்படி வந்ததுதான்.

அதுவும் பெரிய முடிவுதான். சொந்த ஊரை விட்டார்கள். தெரியாத மொழி பேசும் ஊருக்கு வந்தார்கள். ஆனால் ஒரு வசதி இருந்தது. பிழைப்பு சரிப்படாவிட்டால் ரயிலேறித் திரும்பிப் போகலாம். டிக்கெட் காசு இருந்தால் போதும். யாரையும் கேட்க வேண்டாம்.

வளைகுடாப் பயணம் அப்படி இல்லை. அங்கே விசா ஒரு முதலாளியின் பேரில் இருக்கிறது. ஒப்பந்தம் பெரும்பாலும் இரண்டு ஆண்டு. இங்கே கடன் இருக்கிறது. “பிடிக்கவில்லை, நாளைக்கே வருகிறேன்” என்று வர முடியாது.

பெரிய முடிவு எது, சிறிய முடிவு எது என்று இதை வைத்துத்தான் நான் பார்க்கிறேன். எளிதாகத் திரும்ப முடிந்தால் அது சிறிய முடிவு. போய்ப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். திரும்புவது கடினம் என்றால் அது பெரிய முடிவு. அதற்குப் போகும் முன்பே எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும். நான்கு கேள்விகள் கேட்டுப் பார்ப்போம்.

முதல் கேள்வி: கணக்கு சரியா?

சிலேட்டை எடுங்கள். ஒரு கணக்குப் போடுவோம். இது கணக்குக்காக நான் சொல்லும் தொகைதான். உங்கள் தொகையை வைத்து நீங்கள் வீட்டில் போட்டுப் பாருங்கள்.

ஒருவர் இங்கே மாதம் 16,000 ரூபாய் சம்பாதிக்கிறார். தன் செலவு 3,000 போக 13,000 வீட்டுக்குத் தருகிறார்.

“துபாயில் 25,000 சம்பளம்” என்கிறார் ஏஜென்ட். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அங்கே சாப்பாட்டுக்கு 6,000. போன், சோப்பு, மற்றச் செலவு 2,000. மீதி 17,000. வீட்டுக்கு எப்போதும் போல் 13,000 வேண்டும். அது போனால் மிச்சம் 4,000.

இந்தப் பயணத்துக்காக அவர் ஒரு லட்சம் கடன் வாங்கினார். நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டி. முதல் மாத வட்டி 3,000. மிச்சம் இருந்த 4,000-த்தில் வட்டி போக அசலுக்குப் போவது 1,000 மட்டும். அசல் குறையக் குறைய வட்டியும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். மாதம் தவறாமல் 4,000 கட்டினால் இந்தக் கடன் தீர 47 மாதம் ஆகும். கிட்டத்தட்ட நான்கு ஆண்டு!

ஒப்பந்தமோ இரண்டு ஆண்டுதான். இரண்டு ஆண்டு பாலைவன வெயிலில் உழைத்துத் திரும்பும்போது இன்னும் 65,000 ரூபாய்க்கு மேல் கடன் நிற்கும்.

இப்போது இன்னொரு கணக்கு. அதே வேலை. அதே சம்பளம். அதே வட்டி. கடன் மட்டும் ஒரு லட்சம் அல்ல, 50,000. இது 16 மாதத்தில் தீர்ந்துவிடும். மீதி எட்டு மாதத்தில் 32,000 ரூபாய் கையில் சேரும்.

பார்த்தீர்களா? சம்பளம் மாறவில்லை. உழைப்பு மாறவில்லை. போகும் முன் எவ்வளவு கடன் வாங்கினோம் என்பதுதான் மாறியது. வட்டியும் அப்படித்தான். அதே ஒரு லட்சம், மகளிர் குழு மூலம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் கிடைத்தால் 29 மாதத்தில் தீரும்.

எல்லோரும் “சம்பளம் எவ்வளவு?” என்றுதான் கேட்கிறார்கள். “கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு?” என்று முதலில் கேளுங்கள்.

ஏஜென்ட் எவ்வளவு வாங்கலாம் என்பதற்கும் அளவு உண்டு. பதிவு பெற்ற ஏஜென்ட் தன் கூலியாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி. வரியும் வாங்கலாம் என்று அரசு விதி இருக்கிறது. அதற்கு ரசீது தர வேண்டும். ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது கேள்வி: காகிதம் சரியா?

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புவதற்கு 1983ஆம் ஆண்டில் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. அதன்படி பதிவு பெறாத எவரும் ஆள் அனுப்பக் கூடாது. தெருமுனையில் நின்று “என் மச்சான் அங்கே இருக்கிறான், நான் அனுப்பி வைக்கிறேன்” என்று சொல்பவர் ஏஜென்ட் அல்ல. பதிவு எண்ணைக் கேளுங்கள். எழுதிக்கொள்ளுங்கள். அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் அந்த எண் இருக்கிறதா என்று படித்த பிள்ளையை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஐதராபாத்திலேயே குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் இருக்கிறது. அங்கே போயும் கேட்கலாம்.

பத்தாம் வகுப்பு தேறாதவர்களுக்கு ஒரு விதி இருக்கிறது. சவூதி, குவைத், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர்கள் அந்த அலுவலகத்தின் அனுமதி பெற வேண்டும். சிலர் இதை அவமானம் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒப்பந்தத்தை ஓர் அதிகாரி பார்க்கிறார். காப்பீடும் எடுக்க வேண்டும். விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். இந்த அனுமதியைத் தவிர்ப்பதற்காகவே சில ஏஜென்டுகள் சுற்றுலா விசாவில் அனுப்புகிறார்கள். “அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்” என்கிறார்கள். மாற்ற முடியாமல் போனால் நீங்கள் சட்டத்துக்கு வெளியே நிற்பீர்கள். சம்பளம் தரவில்லை என்று புகார் கொடுக்கக்கூடப் பயப்பட வேண்டியிருக்கும்.

இன்னொன்று “ஆசாத் விசா”. நம் ஊரில் இந்தப் பேச்சு அதிகம். ஆசாத் என்றால் சுதந்திரமான என்று பொருள். எங்கே வேண்டுமானாலும் வேலை செய்யலாம் என்று சொல்லி விற்கிறார்கள். உண்மையில் அந்த விசாவிலும் ஒரு முதலாளியின் பெயர் இருக்கும். நீங்கள் வேறு இடத்தில் வேலை செய்து பிடிபட்டால் குற்றம் உங்கள் மேல்தான் வரும். பெயரில் மட்டும்தான் சுதந்திரம்.

அக்காமார்கள் இதைக் கவனியுங்கள். பத்தாம் வகுப்பு தேறாத பெண்கள் அந்த நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போக 30 வயது நிறைந்திருக்க வேண்டும். அரசு நிறுவனங்கள் மூலமாகத்தான் போக வேண்டும். தெலங்கானாவில் “டாம்காம்” என்ற அரசு நிறுவனம் இருக்கிறது. வயதைக் கூட்டிப் பாஸ்போர்ட் எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அந்தப் படியை விட்டு இறங்கி வந்துவிடுங்கள்.

ஒப்பந்தத்தை எழுத்துக்கூட்டியாவது படியுங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் தெரிந்தவரிடம் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். என்ன வேலை? எவ்வளவு சம்பளம்? எத்தனை மணி நேரம்? வார விடுமுறை உண்டா? சாப்பாடும் தங்குமிடமும் யார் செலவு? திரும்பும் டிக்கெட் யார் தருவது? ஏழையின் சொல்லை யாரும் நம்ப மாட்டார்கள். ஏழையின் கையில் இருக்கும் காகிதத்தை நம்பித்தான் ஆக வேண்டும். அதனால் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வீட்டில் ஒன்று வையுங்கள்.

மூன்றாவது கேள்வி: வீடு முழுதும் பேசியாயிற்றா?

போகிறவர் ஒருவர். ஆனால் மாறப்போவது எல்லோருடைய வாழ்க்கையும். மனைவி இரண்டு ஆள் வேலை செய்ய வேண்டும். வயதான தாயை ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப்போவது? மகன் பள்ளிக்கு ஒழுங்காகப் போகிறானா என்று யார் பார்ப்பது? கடன்காரன் வந்து வாசலில் நின்றால் பதில் சொல்லப்போவது யார்?

எனக்குத் தெரிந்த ஓர் அக்கா சொன்னார். டிரங்குப் பெட்டியைத் திறந்தபோதுதான் வீட்டுப் பத்திரம் அங்கே இல்லை என்று அவருக்குத் தெரிந்ததாம். அதற்குள் கணவர் விமானம் ஏறிவிட்டார். கணவர் கெட்டவர் அல்ல. “சொன்னால் பயப்படுவாள்” என்று சொல்லாமல் போனார். ஆனால் பயமும் கடனும் அந்த அக்காவுக்குத்தான் வந்து சேர்ந்தன. எதற்கு எவ்வளவு என்று தெரியாத கடன், தெரிந்த கடனைவிடக் கனமானது.

வீட்டில் பேசி எடுக்கும் முடிவுக்குப் பலம் அதிகம். 1992ஆம் ஆண்டு நெல்லூர் மாவட்டத்தில் தூபகுண்டா என்ற ஊரில் நடந்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். எழுத்தறிவு வகுப்புக்கு வந்த பெண்கள் தங்கள் வீட்டுக் கஷ்டத்தைப் பேசினார்கள். கூலி எல்லாம் சாராயத்துக்குப் போவதைப் பேசினார்கள். சேர்ந்து ஒரு முடிவு எடுத்தார்கள். ஊரில் சாராயக் கடையை மூட வைத்தார்கள். அது மாநிலம் முழுதும் பரவியது. 1993இல் ஆந்திர அரசு சாராயத்தைத் தடை செய்தது. தனித்தனியாக அழுதவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசியதும் அது நடந்தது. ஒரு வீட்டிலும் அப்படித்தான்.

ஆகவே ஒரு தாளை எடுங்கள். எல்லோரும் உட்காருங்கள். மூன்று விஷயம் எழுதுங்கள். கடன் யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி? பணம் யார் பேரில் உள்ள வங்கிக் கணக்குக்கு வரும்? உடம்பு சரியில்லை, பள்ளிக் கட்டணம் என்று அவசரம் வந்தால் யாரிடம் போவது? மனைவியின் பேரில் வங்கிக் கணக்கு இல்லையென்றால் முதலில் அதைத் தொடங்குங்கள். பிள்ளைகளையும் கேளுங்கள். “அப்பா வேண்டாம்” என்று அவர்கள் சொன்னால் அதையும் அந்தத் தாளில் எழுதுங்கள். அதுவும் ஒரு செலவுதான்.

நான்காவது கேள்வி: திரும்பும் வழி என்ன?

1990இல் குவைத்தில் போர் வந்தது. ஒரு லட்சத்து எழுபதாயிரம் இந்தியர்களை விமானத்தில் நாட்டுக்கு அழைத்து வந்தார்கள். 2016இல் சவூதி அரேபியாவின் ஜெட்டாவில் கட்டுமான வேலை நின்றுபோனது. ஆயிரக்கணக்கான இந்தியத் தொழிலாளிகள் பல மாதச் சம்பளம் இல்லாமல், சாப்பாட்டுக்கும் வழியில்லாமல் முகாமில் தவித்தார்கள். நம் தூதரகம் உணவு கொடுத்தது. ஊர் திரும்ப அங்கே அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. 2020இல் கொரோனா வந்தது. மறுபடியும் விமானங்கள் அனுப்பி அழைத்து வர வேண்டியிருந்தது.

போர் எப்போது வரும், நோய் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் தயாராக இருக்கலாம். பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் மூன்றின் நகலும் வீட்டில் இருக்கட்டும். அந்த நாட்டு இந்தியத் தூதரகத்தின் எண்ணை எழுதி வையுங்கள். கையில் காசில்லாமல் சிக்கியவர்களுக்கு உதவ 2009 முதல் இந்தியச் சமூக நல நிதி என்று ஒன்று தூதரகங்களில் இருக்கிறது. ஒரு டிக்கெட்டுக்கான பணத்தை வீட்டில் தனியே ஒதுக்கி வையுங்கள். எந்த அவசரம் வந்தாலும் அதைத் தொடாதீர்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது

நான்கு கேள்விக்கும் நல்ல பதில் வந்தால் தைரியமாகப் போங்கள். ஒன்றுக்குப் பதில் இல்லையென்றால் நிறுத்துங்கள். நிறுத்துவது கோழைத்தனம் அல்ல. ஆறு மாதம் தள்ளிப் போடுவதும் ஒரு முடிவுதான். அந்த ஆறு மாதத்தில் மின்வேலையோ ஓட்டுநர் வேலையோ கற்றுக்கொள்ளலாம். தொழில் தெரிந்தவருக்கு அங்கேயும் கூலி அதிகம், இங்கேயும் கூலி அதிகம். திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு எழுதலாம். இன்று எழுத்துக்கூட்டிப் படிப்பவர் நாளை அதை எழுத முடியும்.

ஏஜென்ட் எப்போதும் அவசரப்படுத்துவார். “இன்றே பணம் கட்டு, ஒரு இடம்தான் பாக்கி” என்பார். “வீட்டில் படித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்” என்று அவரிடம் சொல்லுங்கள். முன்பு கட்டைவிரலில் மையைத் தடவி அழுத்தினோம். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க முடியவில்லை. இன்று கையெழுத்துப் போடத் தெரியும். அதைவிடப் பெரியது, படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாமல் எழுந்து வரவும் நம்மால் முடியும்.



பேசிப் பாருங்கள்

1. உங்கள் தெருவிலிருந்து வெளிநாடு போனவர் யார்? போகும் முன் அவர் வீட்டில் யார் யாரைக் கேட்டார்?

2. மேலே உள்ள கணக்கை உங்கள் வருமானத்தை வைத்துப் போடுங்கள். மாதம் எவ்வளவு மிஞ்சும்?

3. உங்கள் வீட்டுப் பத்திரமும் வங்கிப் புத்தகமும் எங்கே இருக்கின்றன? அது வீட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்?

4. உங்கள் குடும்பத்தில் இதுவரை எடுத்த பெரிய முடிவு எது? அதிலிருந்து திரும்பி வர வழி இருந்ததா?