சான் மார்க்கோஸ் கல்லூரித் தேர்தல்கள்



வாழ்க்கை வரலாறு என்னும் இலக்கிய வகையைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்தார். அது பரந்த கடல். எல்லாவற்றையும் தொட்டுச் செல்வதினும் ஒரு நூலின் ஓர் அத்தியாயத்தை மட்டும் எடுத்துக்கொள்வது தகும் என்று எண்ணினேன். அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த லிண்டன் ஜான்சனின் வரலாற்றை ராபர்ட் கேரோ என்பவர் எழுதியிருக்கின்றார். முதல் தொகுதி 1982-இலும் நான்காம் தொகுதி 2012-இலும் வெளிவந்தன. அந்த முதல் தொகுதியில், ஓர் ஆசிரியர் கல்லூரியின் மாணவர் தேர்தல்களுக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. நாடாண்டவரின் வரலாற்றில் மாணவர் தேர்தலுக்கு இத்தனை பக்கங்களா என்று முதன்முறை படித்தபோது எனக்குச் சலிப்பே உண்டாயிற்று. ஆசிரியப் பயிற்சி நிறுவனத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற பின்னர் மறுமுறை படித்தேன். அப்போது சலிப்பு வரவில்லை.

கல்லூரி இருந்த ஊர் சான் மார்க்கோஸ். டெக்சாஸ் மாநிலத் தலைநகரான ஆஸ்டினுக்குத் தெற்கே உள்ள சிற்றூர். 1903-இல் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியாகத் திறக்கப்பெற்று, 1923-இல் ஆசிரியர் கல்லூரி என்னும் பெயர் பெற்றது. இன்று அது டெக்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகம். ஜான்சன் சேர்ந்த 1927-இல் அங்குப் பயின்றோர் பெரும்பாலும் உழவர் வீட்டுப் பிள்ளைகள். மாணவரினும் மாணவியரே மிகுதி. சான்றிதழ் பெற்றுச் சிற்றூர்ப் பள்ளியில் வேலைக்கு அமர்வதே பலருடைய கனவு. வெள்ளையருக்கு மட்டுமேயான கல்லூரி அது. கறுப்பின மாணவர் எவரும் 1963 வரை அதன் வாயிலில் நுழைய இயலவில்லை. தேர்தல் என்று நான் சொல்லும்போதெல்லாம் இதனையும் நினைவிற்கொள்ள வேண்டுகின்றேன்.

கல்லூரி வாழ்வில் கொடிகட்டிப் பறந்தவர்கள் விளையாட்டு வீரர்கள். அவர்களுக்குக் 'கறுப்பு நட்சத்திரங்கள்' என்று ஒரு மறைமுகக் குழு இருந்தது. வகுப்புத் தலைமை, மாணவர் மன்ற இடங்கள் யாவும் அவர்கள் கையில் இருந்தன. ஜான்சன் அக்குழுவில் சேர விரும்பினார். சேர்த்துக்கொள்ளவில்லை. பின்னர் வேறு சில மாணவர் கூடி, எதிர்க்குழு ஒன்றை அமைத்து 'வெள்ளை நட்சத்திரங்கள்' என்று பெயரிட்டனர். (இப்பெயர்களுக்கும் நிற வேற்றுமைக்கும் தொடர்பில்லை.) தொடங்கியவர் ஜான்சன் அல்லர். அவர் பின்னரே உள்ளே வந்தார். வந்த சில திங்களிலேயே குழுவின் மூளையாகிவிட்டார்.

அக்குழுவின் விதிகளைக் கேளுங்கள். உறுப்பினர் மூவர் பொதுவிடத்தில் ஒன்றாக நிற்றல் கூடாது. 'நீ அந்தக் குழுவினனா?' என்று எவரேனும் வினவினால், வினவிய அந்தக் கணமே அவன் உறுப்பினனாக இருப்பது நின்றுவிடும். ஆகவே 'இல்லை' என்று அவன் சொல்வது பொய்யாகாது. அடுத்த கூட்டத்தில் மீண்டும் சேர்த்துக்கொள்வார்கள்! நாளைய ஆசிரியர்கள் இலக்கணம் நன்கு கற்றிருந்தார்கள் என்றே சொல்ல வேண்டும்.

இறுதியாண்டு வகுப்புத் தலைவர் தேர்தலில் வெள்ளை நட்சத்திரங்களின் வேட்பாளர் வில்லார்டு டீசன். வாக்களிப்புக்கு முன்னாள் இரவு குழுவினர் கூடிக் கணக்கிட்டுப் பார்த்தனர். ஏறத்தாழ இருபது வாக்குகள் குறைந்தன. தோல்விதான் என்று மற்றவர்கள் சோர்ந்துவிட்டனர். ஜான்சன் சோரவில்லை. காலைவரை நேரம் இருக்கின்றதே என்று எழுந்து போனார். விடுதி விடுதியாக, அறை அறையாகச் சென்று, ஒவ்வொருவரிடமும் முகம் பார்த்துப் பேசினார். மறுநாள் டீசன் எட்டு வாக்குகளில் வென்றார். இந்த இடத்தைப் படிக்கும்போது எவருக்கும் ஜான்சன்மீது வியப்பு எழும். எழட்டும், அந்த உழைப்பு மெய்யானது.

ஆனால் எல்லா வெற்றியும் கால்தேய நடந்து பெற்றதல்ல. அத்தேர்தல்களுள் சில நேர்மையாக நடக்கவில்லை என்று உடன் பயின்றவர்களே பல்லாண்டுகளுக்குப் பின் கேரோவிடம் ஒப்புக்கொண்டனர். யார் எந்த வகுப்பினர் என்பது எவருக்கும் தெளிவாகத் தெரியாத கல்லூரி அது. இந்த மங்கலே சிலருக்குப் போதுமானதாயிற்று.

வென்று பெற்றது என்ன? இங்கேதான் நான் சற்று நின்று பேச விரும்புகின்றேன். மாணவர் ஒவ்வொருவரும் செலுத்திய பொதுக் கட்டணம் ஒன்று இருந்தது. அதனை விளையாட்டுக்கு இவ்வளவு, சொற்போருக்கும் நாடகத்துக்கும் இசைக்கும் இவ்வளவு என்று பகிர்ந்தளிப்பதில் மாணவர் பிரதிநிதிகளுக்குப் பங்கு உண்டு. வெள்ளை நட்சத்திரங்கள் அப்பணத்தை விளையாட்டிலிருந்து கலைகளின் பக்கம் திருப்பினர். பாராட்டத்தக்க மாற்றம் என்றே நானும் சொல்வேன். அதனினும் பெரிய பொருள் ஒன்று உண்டு. வேலை! ஏழை மாணவர் பலர் கல்லூரியிலேயே மணிக் கூலிக்கு வேலை செய்துதான் படித்தனர். குப்பை பொறுக்குவதும் வேலை, நூலகத்தில் அமர்ந்திருப்பதும் வேலை. ஜான்சனும் குப்பை பொறுக்கித்தான் தொடங்கினார். பின்னர்க் கல்லூரித் தலைவர் எவன்சின் அலுவலகத்தில் உதவியாளரானார். அந்த நாற்காலிக்கு அருகில் இருந்ததால் யாருக்கு எந்த வேலை என்பதில் அவர் சொல் ஏறியது. நல்ல வேலைகள் தம் குழுவினர்க்குச் சென்றன. வேலையிழந்தவன் படிப்பை விட்டு ஊர் திரும்ப வேண்டியதுதான். ஒரு மாணவனுடைய வாக்கும் அவனுடைய அடுத்த வேளை உணவும் ஒரே கையில் வந்து சேர்ந்தன என்பதே இந்த அத்தியாயத்தின் உயிர்.

பதவியை விட்டு ஓய்ந்திருந்த 1970-இல், பழைய கல்லூரி நாட்களைப் பற்றிப் பேசுகையில் ஜான்சனே இதை மறைக்கவில்லை. அது கொடிய செயற்பாடு என்றும், எதிரணியின் முதுகெலும்பைத் தாம் முறித்ததாகவும் கூறினார். அதற்கு அவர் தேடிப் பிடித்த உவமை ஹிட்லர். சொல்லும்போது அவர் வருந்தினாரா, பெருமைப்பட்டாரா என்பதைப் படிப்பவர் முடிவுக்கே விடுகின்றேன்.

இனி, நம்மைத் தடுமாறச் செய்யும் செய்திக்கு வருகின்றேன். 1928-29 கல்வியாண்டில் ஜான்சன் படிப்பை நிறுத்திவிட்டுப் பணம் ஈட்டுவதற்காகக் கொட்டுல்லா என்னும் ஊரில் வெல்ஹாசன் பள்ளிக்கு ஆசிரியராகவும் தலைமையாசிரியராகவும் சென்றார். மெக்சிக்க வழிவந்த ஏழைக் குழந்தைகள் பயின்ற பள்ளி. காலையில் உண்ணாமல் வரும் பிள்ளைகள். தம் முதல் ஊதியத்தில் அவர்களுக்கு விளையாட்டுக் கருவிகள் வாங்கினார். கண்டிப்பும் இருந்தது. பள்ளி வளாகத்தில் ஸ்பானிய மொழி பேசிய பிள்ளைகளை அடித்தார் என்பதும் பதிவாகியுள்ளது. எனினும் அப்பிள்ளைகளுக்காக அவரைப் போல் உழைத்தவர் அதற்குமுன் எவருமிலர்.

வாழ்க்கை வரலாறு எழுதுவோர் பலர் இளமையில் தவறு, பின்னர்த் தெளிவு, அதன்பின் தொண்டு என்று வரிசைப்படுத்திவிடுவர். நமக்கும் அதுவே இனிக்கும். ஆனால் ஆண்டுகளைப் பாருங்கள். கொட்டுல்லா முன்னது, வெள்ளை நட்சத்திரங்களின் ஆட்டம் பின்னது. பசித்த பிள்ளைகளின் முகத்தை ஓராண்டு முழுதும் கண்டு திரும்பியவர்தாம், தம்மைப் போன்ற ஏழை மாணவரின் வேலையை வைத்துப் பகடை ஆடினார். 1930 ஆகஸ்டில் பட்டமும் பெற்றார்.

பிந்திய கதை உங்களுக்குத் தெரிந்ததே. 1948-இல் செனட் வேட்பாளரைத் தேர்வு செய்யும் கட்சித் தேர்தலில், ஏறத்தாழப் பத்து இலட்சம் வாக்குகளில் 87 வாக்கு மிகுதியால் வென்றார். தேர்தல் முடிந்து சில நாள் கழித்து, 13-ஆம் எண் பெட்டியின் பட்டியலில் இருநூறு பெயர்கள் அகர வரிசையில் ஏறியிருந்தன. அதே மனிதர் 1965 மார்ச் 15 அன்று நாடாளுமன்றத்தில் நின்று, கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காகப் பேசும்போது, கொட்டுல்லாவின் பசித்த பிள்ளைகளை நினைவுகூர்ந்தார். ஆகஸ்டு 6-இல் வாக்குரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். நவம்பர் 8-இல் சான் மார்க்கோசுக்கே வந்து, பழைய கல்லூரியின் உடற்பயிற்சிக் கூடத்தில் உயர்கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். வறிய மாணவர்க்கு உதவித்தொகையும் கடனும் வழங்கிய சட்டம் அது. குப்பை பொறுக்கும் வேலைக்காக எவன் தயவையும் நாடத் தேவையில்லாத நிலை பலருக்கு அதனால் வாய்த்தது.

கேரோ ஜான்சன்மீது கடுமை காட்டிவிட்டார் என்போர் உண்டு. ராபர்ட் டாலக் 1991-இல் எழுதிய வரலாறு இன்னும் நடுநிலையானது என்பர். இருக்கலாம். டாலக்கைப் படித்தால் ஜான்சனைப் புரிந்துகொள்கின்றோம். கேரோவைப் படித்தால் கல்லூரி விடுதி புரிகின்றது. எனக்கு வேண்டியிருந்தது இரண்டாவது.

ஏன் என்று சொல்லிவிடுகின்றேன். 1978-இல், நான் பணியாற்றிய பயிற்சி நிறுவனம் ஒன்றில் மாணவர் மன்றத் தேர்தல் அலுவலராக இருந்தேன். விடுதியின் உணவுக் கணக்கை மாதந்தோறும் பலகையில் எழுதிப் போட வேண்டும் என்று கேட்டு ஒரு மாணவர் போட்டியிட முன்வந்தார். வெல்வார் என்பது தெரிந்திருந்தது. மேலிடத்தில் அதனை விரும்பவில்லை. உணவுக் கட்டண நிலுவை உள்ளோர் போட்டியிடலாகாது என்று விதி ஒன்று இருந்தது. அவருக்கு நிலுவை இருந்தது. எதிர் வேட்பாளருக்கும் இருந்தது. அவரை மாலைக்குள் கட்டச் சொல்லி அவகாசம் கொடுத்தேன். இவருக்குச் சொல்லாமலே மனுவைத் தள்ளினேன். விதிப்படி எல்லாம் சரி. எவரும் என்னைக் கேட்கவில்லை.

நான் ஓய்வு பெற்ற நாளில் பழைய மாணவர் பலர் வந்திருந்தனர். அவரும் வந்தார். அப்போது ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியர். மாலையணிவித்துக் கும்பிட்டுவிட்டு, என் காதருகே குனிந்து, "பதினேழு ரூபாய், ஐயா" என்று சொல்லிச் சிரித்தார்.

எனக்கும் அந்தத் தொகை மறக்கவில்லை. "நலந்தானே தம்பி?" என்று மட்டும் கேட்டேன்.