சேவை என்னும் சரக்கு
(இரும்பையில் பேசியதன் எழுத்து வடிவம்)



மரக்காணத்து உப்பு மூட்டையில ஏறி வெளியூருக்குப் போகுது. அது வணிகம்னு நமக்குத் தெரியும். சேவையை எப்படி விக்கிறது? ஆரோவில் பக்கம் விடுதியில தங்குற வெள்ளைக்காரர் கொடுக்கிற காசு, கணக்கில் இந்தியாவின் ஏற்றுமதி. அங்கே கக்கூஸ் கழுவுற நம்ம அக்காவும் ஏற்றுமதிதான் செய்யறாங்க. அவங்ககிட்டதான் யாரும் சொல்லல!

1986-ல் பேச்சு தொடங்கியபோது சேவையைச் சேர்க்காதே என்று இந்தியாவும் பிரேசிலும் எதிர்த்தன. கடைசியில் கையெழுத்தும் போட்டன. 1995 ஜனவரி 1 முதல் 'காட்ஸ்' ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கிறது. அதில் கம்பெனி இங்கே வந்து கடை விரிப்பது ஒரு வழி, ஆள் அங்கே போவது இன்னொரு வழி.

சாவு சேதி சொல்ல, செத்த மாடு தூக்க என்று ஊர் நம்மிடம் வாங்கியதற்கு 'ஊழியம்' என்று பேர். ஜெனிவாப் பட்டியலில் சாக்கடையும் குப்பையும் 'சுற்றுச்சூழல் சேவை'. 2000-ல் சென்னை மாநகராட்சி மூன்று மண்டலக் குப்பையை ஓனிக்ஸ் என்ற பன்னாட்டுக் கம்பெனியிடம் கொடுத்தது. 2007-ல் நீல் மெட்டல் ஃபனால்கா வந்தது, ஃபனால்கா கொலம்பியாக்காரன். காட்ஸ் சொல்லித்தான் வந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. கம்பெனி மாறிச்சு, சட்டை மாறிச்சு, துடைப்பம் பிடிச்ச கை எந்தச் சேரிக் கைங்கிறது மாறல. போனது நிரந்தர வேலையும் பென்ஷனும். 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் 13 நாள் உட்கார்ந்தது தனியார்மயத்தை எதிர்த்துத்தான். நள்ளிரவில் போலீஸ் அப்புறப்படுத்தியது.

ஆள் போகும் வழிக்கு வருவோம். அமெரிக்கா ஆண்டுக்கு 65,000 பேருக்கு வாக்குக் கொடுத்தது. பெரும்பாலும் பட்டம் படித்தவருக்கு. அவன் விசாக் கட்டணத்தை உயர்த்தியதும் 2016-ல் இந்தியா உலக வர்த்தக அமைப்பில் புகார் கொடுத்தது. சரி, கொடுக்கட்டும். வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போற நம்ம பொண்ணுக்கு? வேலைச் சந்தையில் நுழைவது இந்த ஒப்பந்தத்துக்குள் வராது என்று இணைப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். கஃபீல் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டாலும் அவளுக்கு அந்தக் கதவே கிடையாது. அவளுக்கு இருப்பது 1983 குடிபெயர்வுச் சட்டம்: பத்தாவது தேறவில்லையா, அனுமதி முத்திரை வாங்கு. டெல்லி அவள் அனுப்பும் பணத்தை மட்டும் எண்ணிக்கொள்கிறது.

வளைகுடா போய்த் திரும்பியவங்க இங்கே இருந்தா, அங்கே கையெழுத்து வாங்கின தாளைக் கொண்டாங்க. கூட்டம் முடிஞ்சதும் உட்கார்ந்து படிப்போம்.